மலையிலும் தொடங்கட்டும்: சிறப்புக் கல்விப் பயிற்சி ஆசிரியர்கள் குறித்த நிலைப்பாட்டு அறிக்கை

சிறப்புக் கல்வியில் பட்டயமோ இளங்கலைக் கல்வியியல் பட்டமோ பயிலும் மாணவர், படிப்பின் ஒரு கட்டத்தில் மாற்றுத்திறனாளிக் குழந்தைகள் பயிலும் வகுப்பறைக்குச் சென்று, அங்குள்ள ஆசிரியரின் மேற்பார்வையில் பணியாற்றும் காலம் கற்பித்தல் பயிற்சி எனப்படுகிறது. கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இப்பயிற்சி எவ்வாறு அமைய வேண்டும் என்பதே இவ்வறிக்கையின் பொருள். பயிற்சியின் ஒரு பகுதி கல்வராயன் மலைச் சிற்றூர்களில், வீட்டிலிருந்தே கல்வி பெறும் குழந்தைகளிடையே, அனுபவமுள்ள சிறப்பாசிரியர் ஒருவர் உடனிருக்க நடைபெற வேண்டும் என்றும், தொடக்க வாரங்களில் கற்பிக்கும் பொறுப்பைப் பயிற்சி ஆசிரியரிடம் ஒப்படைக்கக் கூடாது என்றும், எக்காரணம் கொண்டும் காலிப் பணியிடத்தை நிரப்பும் ஆளாக அவரைப் பயன்படுத்தக் கூடாது என்றும் இதனை வெளியிடும் அமைப்பு கருதுகிறது.

விழுப்புரத்திலிருந்து 2019-இல் பிரிந்த இம்மாவட்டத்தின் மேற்கு எல்லையில் எழும் கல்வராயன் மலை, கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. வெள்ளிமலை, கரியாலூர், இன்னாடு, சேராப்பட்டு முதலிய ஊர்களிலும் அவற்றைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் வாழ்வோரில் மிகப் பெரும்பான்மையினர் பழங்குடியினர் பட்டியலில் இடம்பெற்ற மலையாளி சமூகத்தினர். 1976 வரை ஜாகிர்தார்களின் ஆளுகையில் இருந்த இம்மலைக்குச் சாலையும் பள்ளியும் மருத்துவமனையும் சமவெளியைவிடக் காலம் தாழ்ந்தே வந்து சேர்ந்தன. மாற்றுத்திறனாளிக் குழந்தைகளின் கல்வியைப் பொறுத்தவரை அந்தத் தாமதம் இன்னும் தீரவில்லை.

சட்டத்தில் குறை பெரிதாக இல்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்று, குறைபாட்டின் அளவு 40 விழுக்காட்டிற்குக் குறையாத குழந்தைக்கு 6 முதல் 18 வயது வரை, அருகமைப் பள்ளியிலோ தான் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ கட்டணமின்றிப் பயிலும் உரிமையை வழங்குகிறது. அதற்கு முன்பே, கல்வி உரிமைச் சட்டத்தில் 2012-இல் செய்யப்பட்ட திருத்தம், பல்வகைக் குறைபாடோ கடுமையான குறைபாடோ உள்ள குழந்தை வீட்டிலிருந்தே கல்வி பெறுவதையும் ஓர் உரிமையாக்கியது. வட்டார வள மையத்தைச் சேர்ந்த சிறப்பாசிரியரும் இயன்முறை மருத்துவரும் குறித்த நாள்களில் குழந்தையின் வீட்டிற்கே சென்று பயிற்சி அளிப்பது இதன் நடைமுறை வடிவம். விருப்பத் தெரிவாக எழுதப்பட்ட இவ்வழி, பேருந்து வராத மலைச் சிற்றூரில் வேறு வழியே இல்லாததால் மேற்கொள்ளப்படுவதாக மாறிவிடுகிறது என்பதை மட்டும் இங்கே சுட்டிக்காட்ட வேண்டும்.

பயிற்சி ஆசிரியர்களோ பெரும்பாலும் நகரத்துச் சிறப்புப் பள்ளிகளுக்கே அனுப்பப்படுகின்றனர். அங்கே தனி அறையும் கற்பித்தல் பொருள்களும் நிலையான கால அட்டவணையும் ஒத்த குறைபாடுள்ள குழந்தைகளின் குழுவும் இருப்பதால் கற்றுக்கொள்ள நிறையவே உண்டு. அப்பள்ளிகளை விட்டுவிட வேண்டும் என்பது இவ்வமைப்பின் கருத்தன்று. ஆயினும் அவ்வகுப்பறையை மட்டுமே கண்டு பட்டம் பெற்ற ஒருவர், பின்னாளில் மலைவட்டாரத்தில் பணியமர்த்தப்படும்போது, மேசையும் படஅட்டையும் இல்லாத ஒரு வீட்டின் திண்ணையில், வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருக்கும் தாயின் முன்னால், எங்கிருந்து தொடங்குவது என்று அறியாமல் நிற்க நேர்கிறது.

எங்கிருந்து தொடங்குவது என்பதற்கு விடை தருவது மதிப்பீடு. குழந்தையால் இப்போது எதைச் செய்ய முடிகிறது, எதைச் செய்ய முடியவில்லை என்பதை முறையாகப் பார்த்துக் குறிப்பதே மதிப்பீடு எனப்படும். அதனடிப்படையில் அந்த ஒரு குழந்தைக்கென இலக்குகளையும் காலவரையறையையும் வகுப்பது தனிநபர் கல்வித் திட்டம் ஆகும். அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகளுக்கென்று பி. ஜெயச்சந்திரனும் வி. விமலாவும் சென்னையில் உருவாக்கிய எம்.டி.பி.எஸ். என்னும் மெட்ராஸ் வளர்ச்சித் திட்ட முறை இன்றும் நாடெங்கும் பயிற்றுவிக்கப்படுகிறது. உடலியக்கம், உண்ணுதல், உடுத்துதல், கழிப்பறைப் பழக்கம், மொழி, எண், காலம், பணம், வீட்டுவேலை, சமூக இடங்களை அறிதல், தொழில் முதலான 18 துறைகளில், துறைக்கு 20 வீதம் 360 செயல்களை அது எளிதிலிருந்து கடினத்திற்கு வரிசைப்படுத்துகிறது. குழந்தையால் இயலாததைப் பட்டியலிட்டுக் கைவிடாமல், இயன்ற கடைசிப் படியைக் கண்டறிந்து அடுத்த படியை இலக்காக வைப்பதே இம்முறையின் வலிமை.

இக்கருவியை மலைக்குக் கொண்டுசெல்லும்போதுதான் பயிற்சி ஆசிரியரின் உண்மையான கல்வி தொடங்குகிறது எனலாம். நகரத்தில் பேருந்து எண்ணைப் படிப்பதும் சாலையைக் கடப்பதும் சமூக அறிவுக்கு அளவாகக் கொள்ளப்படலாம். மலைச் சிற்றூரில் அதே அறிவு, ஓடையில் தண்ணீர் ஏறியிருக்கும்போது இறங்கக் கூடாது என்று அறிவதாகவும், அடுத்த கொட்டாய்க்குத் தனியே போய்த் திரும்புவதாகவும் வெளிப்படும். புளியில் கொட்டை நீக்குவதையோ கடுக்காயைத் தரம் பிரித்துக் குவிப்பதையோ பெரியவர்களுடன் அமர்ந்து செய்யும் சிறுமிக்கு, தொழில் துறையிலும் எண் துறையிலும் எத்தனையோ படிகள் ஏற்கெனவே கைவந்திருக்கும். வண்ண மணிகளைக் கோக்கச் சொல்லி அவள் மறுத்தால் ‘இயலவில்லை’ என்று குறிப்பவர் பார்த்தது கருவியைத்தான், குழந்தையை அல்ல. பேச்சிலும் இதே கவனம் வேண்டும். மலையாளி மக்கள் பேசுவது தமிழே எனினும் அதன் சொற்களும் ஒலிப்பும் சமவெளிப் பேச்சிலிருந்து வேறுபடுவதால், கேட்ட சொல் பழக்கமற்றது என்பதற்காகப் பதில் சொல்லாத குழந்தை, மொழிப் புரிதல் குறைந்தது என்று தவறாகப் பதிவாகிவிடும்.

ஆகவே தொடக்க வாரங்கள் பார்ப்பதற்கும் கேட்பதற்கும் உரியவை. அக்காலத்தில் பயிற்சி ஆசிரியர் பாடத்திட்டக் குறிப்பேட்டை நிரப்புவதைவிட, ஒரே ஒரு அன்றாடச் செயலை எடுத்துக்கொண்டு அதனைப் படிப்படியாகப் பிரித்தெழுதப் பழகுவது பயனுடையது. செயல் பகுப்பாய்வு என்று பாடநூல்கள் கூறும் இம்முறையில், கை கழுவுதல் என்பது ஒரு செயலன்று. குடத்தருகே செல்லுதல், சொம்பால் மொண்டெடுத்தல், ஒரு கையால் ஊற்றி மறுகையை நனைத்தல், கைமாற்றி ஊற்றுதல், துடைத்தல் எனத் தொடரும் பல செயல்களின் கோவை. குழாய் உள்ள பள்ளியில் எழுதப்பட்ட கோவை குடமுள்ள வீட்டிற்குப் பொருந்தாது என்பதை, அவ்வீட்டில் சில நாள் அமர்ந்து பார்த்தவருக்கு எவரும் சொல்ல வேண்டியதில்லை.

மலையில் பள்ளிக்கு வரும் குழந்தைகளின் நிலையும் கவனத்திற்குரியது. தொடக்க வகுப்புகளில் 2022 முதல் நடைமுறையிலுள்ள எண்ணும் எழுத்தும் திட்டம் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்னும் கற்றல் நிலைகளில் வைத்துப் பயிற்றுவிக்கிறது. நிலையறிந்து கற்பிப்பது நல்ல ஏற்பாடுதான். எனினும் அறிவுசார் குறைபாடோ கண்டறியப்படாத செவித்திறன் குறைபாடோ உள்ள குழந்தை ஆண்டுதோறும் அரும்பிலேயே அமர்ந்திருந்தால், அது கற்றல் நிலையின் பெயராக இல்லாமல் இருக்கையின் பெயராகிவிடும். அத்தகைய குழந்தையை இனங்காண வகுப்பாசிரியருக்குத் துணைநிற்பது பயிற்சி ஆசிரியரால் செய்யக்கூடியதே.

இனங்கண்ட பிறகு எழும் சிக்கல் வேறு வகையானது. அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறையின் கீழும், சிறப்பாசிரியர்கள் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழும், உதவித்தொகையும் அடையாள அட்டையும் மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் கீழும், சான்றளிக்கும் மருத்துவர்கள் சுகாதாரத் துறையின் கீழும் இருப்பதால், ஒரே குழந்தைக்காக நான்கு கதவுகளைத் தட்ட வேண்டியுள்ளது. சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022-இல் திறக்கப்பட்டபின் சான்று பெறும் தொலைவு குறைந்திருக்கிறது. கூலியை விட்டுவிட்டு மலையிலிருந்து இறங்கிவரும் பெற்றோருக்கு அத்தொலைவும் ஒரு நாள் சம்பளமே. பயிற்சி ஆசிரியர் இந்தப் பாதையைப் பெற்றோருடன் ஒருமுறையேனும் முழுமையாக நடந்து பார்ப்பதைப் பயிற்சியின் மதிப்பெண்ணுக்குரிய பகுதியாக்க வேண்டும் என்று இவ்வமைப்பு வலியுறுத்துகிறது.

பயிற்சி ஆசிரியரைக் காலிப் பணியிடத்தில் நிறுத்துவது குறித்துச் சற்று விரிவாகவே கூற வேண்டியுள்ளது. ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் 2021 அக்டோபரில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், சிறப்பாசிரியர் பணியிடங்களுக்கு உரிய விகிதத்தை வகுத்து நிலையான பணியிடங்களை உருவாக்கப் பணித்தது. 2022-இல் ஒன்றிய அரசு வெளியிட்ட அறிவிக்கை, தொடக்கநிலையில் 10 மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கும் உயர் தொடக்கநிலையில் 15 குழந்தைகளுக்கும் ஒரு சிறப்பாசிரியர் என்று நிர்ணயித்தது. தமிழ்நாட்டில் வட்டார அளவில் பணியாற்றும் சிறப்பாசிரியர்களோ நெடுங்காலமாகத் தொகுப்பூதியத்திலேயே உள்ளனர். இவ்விகிதம் குழந்தைகளை எண்ணுகிறதே தவிரத் தொலைவை எண்ணுவதில்லை. 10 குழந்தைகள் ஒரே கட்டடத்தில் பயில்வதும், 10 சிற்றூர்களில் 10 வீடுகளில் இருப்பதும் கணக்கில் ஒன்று. ஆசிரியரின் ஒரு வாரத்தில் ஒன்றல்ல. மலைவட்டாரத்திற்குத் தனி விகிதம் வகுக்கப்பட்டு, நிலையான பணியிடங்கள் நிரப்பப்படும் வரை, வழிகாட்டும் மூத்த ஆசிரியர் இல்லாத இடத்திற்குப் பயிற்சி மாணவரை அனுப்புவது குழந்தைக்கும் மாணவருக்கும் ஒருசேர இழைக்கும் அநீதி. மலையில் பயிற்சி வேண்டும் என்ற கோரிக்கை, சம்பளமில்லாத ஆள் மலைக்குக் கிடைக்கட்டும் என்று திரிக்கப்படுவதை இவ்வமைப்பு எதிர்க்கிறது.

இக்கோரிக்கைக்கு எதிராகக் கல்வியியல் கல்லூரிகள் கூறக்கூடிய தடைகளில் தங்குமிடமும் பாதுகாப்பும் முதன்மையானவை. பயிற்சி மாணவர்களில் பெண்களே மிகுதி என்பதால் இதனைப் புறந்தள்ள இயலாது. உண்டு உறைவிடப் பள்ளிகளின் மாணவியர் விடுதிகளில் பயிற்சிக் காலத்திற்கு அறை ஒதுக்குவதும், தனியாக அனுப்பாமல் இருவர் மூவராக அனுப்புவதும், அவர்களுடைய போக்குவரத்துச் செலவைக் கல்லூரியே ஏற்பதும் நடைமுறையில் இயலக்கூடியவை. பட்டப்படிப்புக்குரிய தனியாள் ஆய்வை எழுதும்போது குழந்தையின் பெயர், ஊர், ஒளிப்படம் ஆகியவற்றைப் பதிவேட்டில் சேர்க்கக் கூடாது என்பதும், கைபேசியில் எடுத்த படங்களை எவருடனும் பகிரக் கூடாது என்பதும் எழுத்துவழி விதிகளாக வேண்டும். சிற்றூரில் பெயரை மறைத்தாலும் முகம் போதும், குடும்பம் தெரிந்துவிடும்.

பயிற்சிக்கான மாதங்களைத் தேர்ந்தெடுப்பதிலும் மலையின் வேளாண் காலத்தையும் பெற்றோர் வெளியூர் வேலைக்குச் செல்லும் பருவத்தையும் கருத்தில் கொள்ள வேண்டும். பெற்றோர் எஸ்டேட் வேலைக்குப் போய்விட்ட வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்பவர் பாட்டியாகவோ மூத்த அக்காவாகவோ இருப்பார். தனிநபர் கல்வித் திட்டத்தில் ‘பெற்றோர் வீட்டில் செய்ய வேண்டியவை’ என்று ஒதுக்கப்பட்ட பத்தியில் அவர்களையும் கருதியே இலக்குகளை எழுத வேண்டும், கையொப்பம் பெறும் முன்னர் அப்பத்தியை அவர்களுக்கு வாய்விட்டுப் படித்துக்காட்டவும் வேண்டும்.