முறத்துக்குப் பேரம் எதுக்குங்க?

எங்க பக்கத்து வாரச்சந்தையில, காய்கறிக் கடைகள் முடியற இடத்துல சாக்கு விரிச்சு முறம், கூடை, பஞ்சாரம் விக்கிற அம்மா ஒருத்தர் இருக்காங்க. போன வாரம் டவுன்ல இருந்து கார்ல வந்தவங்க முறத்தைப் பாதி விலைக்குக் கேட்டாங்க. அந்தம்மா ஒண்ணும் பேசாம அதை வாங்கித் திரும்ப அடுக்கிட்டாங்க.

பச்சை மூங்கிலைப் பிளந்து, சீவி, ஈரம் காயறதுக்குள்ள பின்னி முடிக்கோணும். காஞ்சா வளையாது, ஒடிஞ்சிரும். சிம்பு கையைக் கிழிக்கும். அப்புறம் பஸ் கூலி, சந்தைச் சுங்கம். வித்தாலும் விக்காட்டியும் சுங்கம் கட்டியே ஆகோணும்.

குத்தம் உங்க மேல மட்டும் இல்லீங்க. வெங்காயம் அள்ள பிளாஸ்டிக் கூடைக்கு மாறினவன்தான் நானும். விவசாயிங்க வாங்கறதை விட்டதாலதான் அவங்க இன்னைக்கு உங்களை நம்பி நிக்கறாங்க.

1927 வனச் சட்டம் மூங்கிலை மரம்னு சொன்னதால, சொந்த நிலத்து மூங்கிலை வெட்டிக் கொண்டுபோறதுலயும் அனுமதித் தொல்லை இருந்துச்சு. 2017-ல வந்த திருத்தம், காட்டுக்கு வெளியே வளர்ற மூங்கிலை அந்தப் பட்டியல்ல இருந்து எடுத்துருச்சு. அதனால இந்த மழைக்கு வேலியோரம் நாலு குத்து வைக்கப் போறேன். சந்தையை ஏலம் விடறவங்களும் கைவேலைக்காரங்களுக்குச் சுங்கத்தை விட்டுக்கொடுக்கலாம்.

நீங்க, சொன்ன விலைக்கு வாங்குங்க. சுவத்துல அழகுக்கு மாட்டிடாதீங்க, அரிசி புடைங்க. தேஞ்சாத்தானே அடுத்த முறம் வாங்க வருவீங்க!