மாவீரரைப் படைப்பது எளிதே! ஆனால்...

வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பது நம் முன்னோர் வாக்கு. அப்படிப்பட்ட ஒரு வல்லவரைக் கற்பனையில் படைக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு தாளும் பென்சிலும் பகடைகளும் இருந்தால் அரை மணி நேரம் போதும் என்கின்றனர் சூப்பர் ஹீரோ விளையாட்டுகளில் பழகியவர்கள். இது மெய்தானா? மெய்யென்றால், இந்த எளிமை நமக்கு நன்மை பயக்குமா? இவ்விரு வினாக்களைக் குறித்து எங்கள் கருத்தை வாசகர்முன் வைக்க விரும்புகிறோம்.

முதலில் விளையாட்டைப் பற்றிச் சிறிது கூறுவோம். 1974-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்ற புதுவகை விளையாட்டை வெளியிட்டனர். நால்வர் ஐவர் ஒரு மேசையைச் சுற்றி அமர்வர். ஒருவர் நடுவராக இருந்து கதையின் சூழ்நிலையை விவரிப்பார். மற்றவர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, அச்சூழ்நிலையில் தம் பாத்திரம் என்ன செய்யும் என்பதை வாயால் சொல்லியே ஆடுவர். செய்த முயற்சி பலித்ததா இல்லையா என்ற ஐயம் எழும்போது பகடை தீர்ப்புக் கூறும். பணயம் ஏதும் வைப்பதில்லை. ஆதலால் இது சூதாட்டம் அன்று. மேடையும் திரையும் இல்லாத நாடகம் என்றே இதனைச் சொல்லலாம். வாளும் மந்திரமும் நிறைந்த பழங்காலக் கதைகளில் தொடங்கிய இவ்விளையாட்டு, சில ஆண்டுகளிலேயே வானில் பறக்கும் மாவீரர் கதைகளுக்கும் வந்துவிட்டது.

மாவீரரைப் படைக்க விதிநூல்கள் பல வழிகளைக் காட்டுகின்றன. 1979-இல் வெளிவந்த 'வில்லன்ஸ் அண்டு விஜிலாண்டீஸ்' என்ற விளையாட்டு முதல் வழியைக் காட்டுகிறது. இதனை இயற்றிய இருவருள் ஒருவரான ஜெஃப் டீ அப்போது இருபது வயதைக்கூட எட்டாதவர் என்பது மாணவியராகிய நாம் கவனிக்கத்தக்கது. இவ்விளையாட்டில் நாம் வேறொருவராக மாற வேண்டியதில்லை. நம்மையே பாத்திரமாக வைத்து, பகடையை உருட்டி, பட்டியலில் அந்த எண்ணுக்கு நேரே உள்ள சக்தியைப் பெற்றுக்கொள்ளலாம். பகடை சக்தியை மட்டுமா தருகிறது? ஒரு பலவீனத்தையும் சேர்த்தே தருகிறது!

இரண்டாவது, சந்தையில் பொருள் வாங்குவது போன்ற வழி. 1981-இல் ஜார்ஜ் மெக்டொனால்டும் ஸ்டீவ் பீட்டர்சனும் உருவாக்கிய 'சாம்பியன்ஸ்' விளையாட்டில் ஒவ்வொரு சக்திக்கும் ஒரு விலை உண்டு. வலிமையை ஓர் அலகு கூட்ட ஒரு புள்ளி கொடுக்க வேண்டும். பகைவரைத் தாக்கும் கதிரின் சேதத்தை ஒரு பகடை அளவு கூட்ட ஐந்து புள்ளி கொடுக்க வேண்டும். கூட்டல், பெருக்கல், வகுத்தல் எல்லாம் வரும். கணக்கைக் கண்டு நடுங்குவோர் இப்பக்கம் தலைவைக்க மாட்டார்கள்!

1984-இல் ஜெஃப் கிரப் வடிவமைத்த 'மார்வெல் சூப்பர் ஹீரோஸ்' விளையாட்டு இன்னும் எளிது. போர்த்திறன், வலிமை, தாங்குதிறன், அறிவு முதலிய ஏழு பண்புகள். ஒவ்வொன்றின் அளவும் 'சாதாரணம்', 'நன்று', 'மிக நன்று', 'குறிப்பிடத்தக்கது' என்று சொற்களால் குறிக்கப்படும். நம் முன்னேற்ற அறிக்கையில் ஆசிரியைகள் எழுதும் குறிப்புகளே நினைவுக்கு வருகின்றன அல்லவா? 2016-இல் பிரெண்டன் கான்வே எழுதிய 'மாஸ்க்ஸ்' என்ற விளையாட்டிலோ, இளம் மாவீரருக்கான பத்து அச்சிட்ட மாதிரித் தாள்கள் உள்ளன. ஒன்றைத் தேர்ந்து, வேண்டியவற்றுக்குக் குறியிட்டு, கேட்ட கேள்விகளுக்கு விடை எழுதினால் பாத்திரம் ஆயத்தமாகிவிடும்.

ஆகவே, மாவீரரைப் படைப்பது எளிதா என்ற வினாவுக்கு 'ஆம்' என்றே விடை கூறத் தோன்றும். நாங்களும் அப்படித்தான் எண்ணினோம்.

சென்ற கோடை விடுமுறையில் தோழியர் ஐவர் ஒரு வீட்டுத் திண்ணையில் கூடி, இரவலாகக் கிடைத்த விதிநூல் ஒன்றை வைத்துக்கொண்டு ஆளுக்கொரு வீராங்கனையைப் படைத்தோம். அரை மணி நேரத்தில் ஐந்து வீராங்கனையர் பிறந்துவிட்டனர். எங்கள் பெருமைக்கு அளவில்லை. பின்னர் விளையாட்டாக ஐந்து தாள்களையும் பெயர் தெரியாதபடி கலந்து, எது எவருடையது என்று கண்டுபிடிக்க முயன்றோம். எவராலும் முடியவில்லை! ஐவரும் பறந்தனர், ஐவரும் மறைந்தனர், ஐவரும் பிறர் மனத்தில் உள்ளதை அறிந்தனர், ஐவரும் பேரழகியர். ஐவருக்கும் வீடு இல்லை, உற்றார் இல்லை, அச்சம் இல்லை. ஒரே அச்சில் வார்த்த ஐந்து பொம்மைகளைப்போல் அவர்கள் தாளில் கிடந்தனர்.

அதன் பிறகே, நாங்கள் அவசரமாகப் புரட்டிச் சென்ற பக்கங்களுக்குத் திரும்பினோம். குறைகளைப் பற்றிய பக்கங்கள் அவை. மேலே சொன்ன 'சாம்பியன்ஸ்' விளையாட்டின் 1989-ஆம் ஆண்டுப் பதிப்பில், மாவீரர் ஒருவருக்கு இலவசமாகக் கிடைப்பவை 100 புள்ளிகளே. இன்னும் 150 புள்ளிகள் வரை வேண்டுமென்றால் அவற்றைக் குறைகளாலேயே ஈட்ட வேண்டும். காப்பாற்ற வேண்டிய உறவினர் ஒருவர் இருந்தால் அதற்குப் புள்ளி. மறைக்க வேண்டிய உண்மை ஒன்று இருந்தால் அதற்குப் புள்ளி. எந்நிலையிலும் உயிரைக் கொல்லேன் என்ற உறுதிக்கும் புள்ளி. பகைவர் எளிதில் பறித்துவிடக்கூடிய கருவியின் வழியாக மட்டுமே ஒரு சக்தி இயங்கும் என்றால், அச்சக்தியின் விலை பாதியாகிவிடும். ஆற்றலைவிடப் பாரத்திற்கே இந்நூல் அதிகம் கொடுக்கிறது! இது வெறும் கணக்குத் தந்திரம் அன்று. நல்ல கதை எதனால் ஆகிறது என்பதை அறிந்தவர் வகுத்த விதி என்றே கருதுகிறோம்.

இக்குறைகளை எழுத எங்களுக்கு அரை மணி நேரம் போதவில்லை. இரண்டு நாள் ஆயிற்று. ஒருத்தி, "என் வீராங்கனை வானில் எவ்வளவு உயரத்தில் பறந்தாலும், அம்மா கூப்பிட்டால் உடனே கீழே விழுந்துவிடுவாள்" என்று எழுதினாள். சிரித்து வயிறு வலித்தது. மற்றொருத்தி நெடுநேரம் எழுதாமலே இருந்தாள். பிறகு எழுதியதைப் படித்துக் காட்டினாள். அவளுடைய வீராங்கனைக்குப் பத்து மைல் சுற்றளவில் எவர் அழுதாலும் கேட்கும். அதனால் அவள் இரவில் உறங்குவதே இல்லை. ஆனால் அவள் தம்பி பிறவியிலேயே பேச இயலாதவன். ஊரார் குரலையெல்லாம் கேட்கும் அவளால் தன் வீட்டில் ஒலியின்றி அழும் தம்பியின் துயரை மட்டும் கேட்க முடியாது. அருகில் சென்று முகத்தைப் பார்த்தால்தான் தெரியும். அன்று எவரும் சிரிக்கவில்லை. அந்தத் தாளை எத்தனை தாள்களோடு கலந்தாலும் எங்களால் கண்டுபிடித்துவிட முடியும்.

இதிலிருந்து எங்கள் கருத்து இதுவே. சக்திகளை எழுதுவது எளிது. அது பாத்திரப் படைப்பின் பாதிகூட ஆகாது. எவரைக் காக்க அச்சக்தி, எதற்கு அஞ்சி அது அடங்கும், எந்தக் கடமை அதனைக் கட்டுப்படுத்தும் என்பவற்றை எழுதும்போதுதான் பாத்திரம் உயிர் பெறுகிறது. புகழ்பெற்ற மாவீரர்களை எண்ணிப் பாருங்கள். 1962-இல் ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் படைத்த ஸ்பைடர்மேன் சுவரில் ஏறுவதால் மட்டுமா நம் மனத்தில் நிற்கிறான்? வயதான மே அத்தையைக் காப்பாற்ற வேண்டும், பள்ளிப் பாடத்தையும் படிக்க வேண்டும் என்ற தவிப்பால் அன்றோ நிற்கிறான்! 1964-இல் தோன்றிய டேர்டெவிலோ கண்பார்வை இழந்த வழக்கறிஞர். எந்த விபத்து பார்வையைப் பறித்ததோ அதே விபத்துதான் மற்றப் புலன்களுக்குப் பேராற்றலைத் தந்தது. அவர் கத்தோலிக்கராக வளர்ந்தவர். அவருடைய தாய் ஒரு கன்னியர் என்பது பிற்காலக் கதைகளில் தெரியவருகிறது. இதனைப் படித்து நம் அருட்சகோதரியர் புன்னகை பூப்பார்கள் என நம்புகிறோம்.

மறைக்கல்வி வகுப்பில் கற்றதை இங்கே நினைவுகூர்வதும் பொருந்தும். சிம்சோனின் வலிமை முழுவதும் அவன் தலைமுடியோடு கட்டுண்டிருந்தது. புனித சின்னப்பர் தம் உடலில் தைத்த முள்ளை நீக்குமாறு மும்முறை வேண்டினார், அது நீக்கப்படவில்லை, அதனோடுதான் அவர் நாடெங்கும் நற்செய்தி அறிவித்தார். குறையே இல்லாத வீரரைத் திருமறை நூலும் நமக்குக் காட்டவில்லை.

'ஆயத்தமாக இருக்கும் ஸ்பைடர்மேனையே எடுத்து ஆடலாமே, புதிதாகப் படைப்பானேன்?' என்று தோழியர் சிலர் கேட்கலாம். தொடக்கத்தில் அவ்வாறு ஆடுவதில் தவறில்லை. ஆனால் இரவல் சேலை எத்தனை அழகாயிருந்தாலும் அளவு நமக்குப் பொருந்துவதில்லை. நம் பாரம் எது, நாம் காக்க விரும்புவது எவரை என்று நம்மையே கேட்டுப் பார்க்கும் வாய்ப்பு அதில் கிட்டாது.

பெற்றோர் சிலர் அஞ்சலாம். 1980-களில் அமெரிக்காவிலும் இவ்விளையாட்டுகள் பிள்ளைகளைத் தீய வழியில் செலுத்தும் என்று பெற்றோர் பலர் அஞ்சி இயக்கங்கள்கூட நடத்தினர். தீமைக்கு விளையாட்டே காரணம் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. எனினும் அளவு மீறினால் அமுதமும் நஞ்சு என்பதை நாங்கள் மறுக்கவில்லை. வீட்டுப்பாடத்தை ஒதுக்கிவிட்டு ஆடுவதை எவரும் ஆதரிக்கமாட்டார். மேலும், 'மார்வெல்' விளையாட்டில் நற்செயலுக்குக் கர்மப் புள்ளிகள் சேரும் என்பதையும், ஓர் உயிரைக் கொன்றால் சேர்த்த புள்ளிகள் அத்தனையும் போய்விடும் என்பதையும் பெற்றோர் அறிந்தால் அவர்கள் அச்சம் ஓரளவு தணியும்.

பெரியோரிடம் ஒரு வேண்டுகோளும் எங்களுக்கு உண்டு. முன்னர்ச் சொன்ன 'மாஸ்க்ஸ்' விளையாட்டில் இளம் மாவீரரின் பண்புகள் ஐந்து. 'நான் ஆபத்தானவள்', 'நான் விநோதமானவள்', 'நான் காப்பவள்', 'நான் மேலானவள்', 'நான் சாதாரணமானவள்' என்று அவள் தன்னைப்பற்றி எவ்வளவு எண்ணுகிறாள் என்பதே அவளது அளவு. அவள் மதிக்கும் பெரியவர் ஒருவர், 'நீ இப்படிப்பட்டவள்' என்று சொல்லிவிட்டால், ஒரு பண்பு ஏறும், இன்னொன்று இறங்கும். வானில் பறக்கும் வீராங்கனையையே ஒரு சொல் மாற்றிவிடுகிறது! அப்படியானால், 'இவளுக்குக் கணக்கு வராது', 'இவள் எதற்கும் ஆகமாட்டாள்' என்று வீட்டிலும் வகுப்பிலும் கேட்கும் சொற்கள் எங்கள் தாளில் எதை ஏற்றுகின்றன, எதை இறக்குகின்றன என்பதைப் பெரியோர் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். அந்த விளையாட்டில் அச்சொல்லை மறுக்கும் உரிமையும் இளம் வீராங்கனைக்கு உண்டு. மரியாதையோடு மறுக்க எங்களுக்கும் கற்றுக்கொடுங்கள்.

அன்புத் தோழியரே! அடுத்த விடுமுறையில் ஒரு தாளை எடுங்கள். சக்திகளை ஐந்து நிமிடத்தில் எழுதிவிடுங்கள், அது எளிதுதான். அதன்பின் தாளைத் திருப்பி, உங்கள் வீராங்கனை எவருக்காக வீடு திரும்புவாள் என்பதை எழுதுங்கள். அதற்கு எத்தனை நாள் ஆனாலும் ஆகட்டும். அந்த வரியை எழுதி முடிக்கும்போது, நீங்கள் அறிந்துகொண்டிருப்பது அவளை மட்டும் அன்று என்பது உங்களுக்கே விளங்கும்.