கும்பிட்டால் ஷிப்ட் குறையுமா?

108 ஆம்புலன்ஸ்காரரைப் பார்த்தால் 'தெய்வம் மாதிரி வந்தீங்க' என்று கும்பிடுகிறோம். தெய்வத்துக்குத் தூக்கம் வேண்டாம். போன கேஸில் கையிலேயே செத்துப்போன பிள்ளையின் முகம் அடுத்த கேஸில் கண்முன்னால் வராது. ஆம்புலன்ஸ்காரருக்கு இரண்டும் உண்டு. அதைக் கணக்கில் எடுக்காமலிருக்கத்தான் இந்தக் கும்பிடு நமக்கு உதவுகிறது.

பேச்சிப்பாறையை எடுத்துக்கொள்ளுங்கள். 1906இல் கட்டி முடித்த அணை, சுற்றிலும் ரப்பர் தோட்டம், மலையில் காணி மக்களின் குடியிருப்புகள். அக்கரையில் ஒருத்திக்குப் பிரசவ வலி எடுத்தால் அவளைப் படகில் இக்கரை சேர்த்த பிறகுதான் வண்டிக்கு வேலையே தொடங்கும். அங்கிருந்து குலசேகரம். அங்கே முடியாதென்றால் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி. முன்னால் ஓட்டுநர் (அவர்கள் பேச்சில் 'பைலட்'), பின்னால் ஒரே ஒரு மருத்துவ உதவியாளர். மூன்றாவது ஆள் கிடையாது. அந்த வளைவுச் சாலை முழுக்க ஓர் உயிருக்கு அவர் ஒருவர்தான் பொறுப்பு. 2017 நவம்பர் 30, ஒக்கிப் புயலில் ரப்பர் மரங்கள் சாய்ந்து கிடந்த ரோட்டில் அந்தப் பயணம் எப்படியிருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டில் 108 தொடங்கியது 2008 செப்டம்பரில். பணம் அரசுடையது, ஆள் வைப்பது ஒப்பந்த நிறுவனம். ஷிப்ட் பன்னிரண்டு மணி நேரம். எட்டு மணி நேரம் கேட்டுத் தொழிற்சங்கம் பல வருடமாகப் போராடுகிறது.

நான் மென்பொருள்காரன். ராத்திரி சர்வர் விழுந்தால் எங்களை எழுப்புவார்கள். மறுநாள் லேட்டாகப் போகலாம். என்ன நடந்தது என்று யாரையும் குறை சொல்லாமல் பேச ஒரு கூட்டமே உண்டு. செத்தது ஒரு சர்வர், பாத்துக்கிடுங்க. மனுஷன் செத்த வண்டியில் ரத்தத்தைக் கழுவிவிட்டு அடுத்த அழைப்புக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

இதற்கு மேலிடம் தரும் மருந்து யோகா, தியானம், கவுன்சலிங். காவல்துறைக்கு நிமான்ஸ் துணையோடு நிறைவாழ்வுப் பயிற்சி. கவுன்சலிங் வேண்டாமென்று சொல்லவில்லை, டெலிமானஸ் 14416 எண்ணை ஸ்டேஷன் ஸ்டேஷனாக ஒட்டட்டும். ஆனால் உலக சுகாதார நிறுவனமே 2019இல் 'பர்ன்-அவுட்'டை நோய் என்று வகைப்படுத்தவில்லை. சரியாகக் கையாளப்படாத பணியிட அழுத்தத்தின் விளைவு என்றுதான் வரையறுத்தது. ஓடு ஒழுகுகிற வீட்டில் இருப்பவனிடம் குடையை நீட்டுகிற வேலைதான் நம்மிடம் நடக்கிறது.

2023 ஜூலையில் கோவை சரக டிஐஜி விஜயகுமார் தற்கொலை செய்துகொண்டபோது, பணிச்சுமை காரணமில்லை, மனச்சோர்வு நோய்தான் என்று துறையிலிருந்து உடனடியாக விளக்கம் வந்தது. நோய் இருந்திருக்கலாம். ஆனால் அவ்வளவு அவசரமாக வேலையைக் காப்பாற்றுவானேன்? காவலர்களுக்கு வாரம் ஒருநாள் ஓய்வு என்று 2021இல் அரசாணை வந்தது. கிடைக்கிறதா என்று தெரிந்த காவலர் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள்.

108இல் இரண்டு ஷிப்டை மூன்றாக்கினால் ஆள் ஒன்றரை மடங்கு வேண்டும். கணக்கு அவ்வளவுதான். அதற்குப் பணமில்லையென்றால் சட்டசபையில் எழுந்து சொல்லட்டும், எந்தச் செலவைக் குறைப்பது என்று பேசுவோம். அதைப் பேசாமல் சுதந்திர தினத்தன்று ஒரு சான்றிதழைக் கையில் கொடுத்து, அன்று ராத்திரியே பன்னிரண்டு மணி நேர ஷிப்டுக்கு அனுப்புகிறார்கள்.