வீடு கட்ட பணம் இருக்கு... இடம் எங்கே? தர்மபுரி ஏழைகள் கொடுக்கும் மனுவில் இருக்கும் நியாயம்

தர்மபுரி,

திங்கட்கிழமை காலையில் தர்மபுரி கலெக்டர் ஆபீஸ் பக்கம் போனவர்களுக்கு இந்த காட்சி புதுசு இல்லை. அன்றுதான் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம். அரூர், பாப்பிரெட்டிப்பட்டி, பென்னாகரம், பாலக்கோடு என எல்லா பக்கமும் இருந்து முதல் பஸ்சை பிடித்து வந்து வரிசையில் நிற்கிறார்கள். கையில் மனு. பையில் ரேஷன் கார்டு ஜெராக்ஸ், ஆதார் ஜெராக்ஸ். அன்றைக்கு கூலியும் போச்சு.

கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான். "வீட்டுமனை பட்டா கொடுங்க. வீடு கட்டிக் கொடுங்க."

வருஷக்கணக்கில் இதையே கேட்கிறார்களே, அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லையா என்று கேட்கலாம். அப்படியும் சொல்லிவிட முடியாது. திட்டத்துக்கு பஞ்சமே இல்லை.

1985-ல் இந்திரா குடியிருப்பு திட்டம் வந்தது. 2010-ல் கலைஞர் வீடு வழங்கும் திட்டத்தில் குடிசைக்கு பதில் கான்கிரீட் வீடு கட்ட 75 ஆயிரம் ரூபாய். அடுத்த வருஷம் ஆட்சி மாறியது, திட்டமும் மாறியது. 300 சதுர அடியில் சோலார் விளக்கோடு பசுமை வீடு, 1 லட்சத்து 80 ஆயிரம். 2016-ல் பிரதமர் வீடு திட்டம் 1 லட்சத்து 20 ஆயிரத்தில் தொடங்கியது. அதற்கு மேல் கூரைக்கென்று மாநில அரசு தனியாக பணம் போட்டு தொகையை 2 லட்சத்து 40 ஆயிரம் ஆக்கியது. கடைசியாக 2024 பட்ஜெட்டில் கலைஞரின் கனவு இல்லம். 360 சதுர அடி, 3 லட்சத்து 50 ஆயிரம். 2030-க்குள் கிராமங்களில் 8 லட்சம் வீடு என்று சொன்னார்கள்.

தொகை ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. அப்புறம் ஏன் இன்னும் வரிசை?

பட்டா இருந்தால்தான் வீடு

இங்கேதான் முடிச்சு இருக்கிறது. இந்த திட்டங்களில் பணம் வாங்க சொந்த மனை இருக்க வேண்டும். கையில் பட்டா இருக்க வேண்டும். ஏரி ஓரத்திலோ ஓடை ஓரத்திலோ இரண்டு தலைமுறையாக குடிசை போட்டிருப்பவரிடம் அது இல்லை. மிகவும் வசதி இல்லாதவர் யாரோ, அவருக்குத்தான் இந்த பணம் எட்டாமல் போகிறது!

கட்டிட தொழிலாளர் நல வாரியம் வீடு கட்ட 4 லட்சம் வரை கொடுப்பதாக அறிவித்தபோதும் இதே நிபந்தனைதான். மனை இல்லையா? நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் அடுக்குமாடிக்கு போ என்றார்கள். பெங்களூருக்கும் ஓசூருக்கும் போய் மாடி மாடியாக கட்டிவிட்டு வருகிற நம்ம ஊர் கொத்தனாரும் சித்தாளும் சொந்த ஊரில் கீற்றுக்கு அடியில் படுக்கிறார்கள்.

இன்னொரு கூட்டமும் உண்டு. அப்பா காலத்தில் கிடைத்த தொகுப்பு வீடு. மேலே காரை பெயர்ந்து கம்பி தெரிகிறது. மூன்று பிள்ளைகளுக்கு கல்யாணமாகி, ஒரே வீட்டில் மூன்று அடுப்பு எரிகிறது. ஆனால் லிஸ்டில் பார்த்தால் 'கான்கிரீட் வீடு உள்ளது' என்று பெயர் அடிபட்டு விடும். வீடு ஒன்று என்பது அதிகாரிக்கு தெரிகிறது. குடும்பம் மூன்று என்பது கணக்கில் வருவதில்லை.

பட்டா கொடுத்தும் தொல்லை

பட்டா கிடைத்தவர்களாவது நிம்மதியாக இருக்கிறார்களா என்றால் அதுவும் பாதிதான். கிராமத்தில் 3 சென்ட், அதாவது சுமார் 1,300 சதுர அடி கொடுப்பார்கள். மேடையில் கலர் பேப்பரில் பட்டா வாங்கி போட்டோவும் எடுத்தாச்சு. ஆனால் இடத்தை அளந்து, கல் நட்டு காட்ட சர்வேயர் வரவில்லை என்றால் அந்த பேப்பரை வைத்து என்ன செய்வது? இடம் ஊரை விட்டு வெகுதூரத்தில், ரோடும் தண்ணீரும் இல்லாமல் இருந்தால் அங்கே யார் போய் குடியேறுவார்கள்?

அதிகாரிகள் சொல்லும் காரணம்

அதிகாரிகள் பக்கமும் கேட்க வேண்டும். தர்மபுரி மாவட்டத்தின் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காடு. அங்கே கை வைக்க முடியாது. ஏரி, குளத்தில் பட்டா கொடுக்க முடியாது. அதற்கு 2007-ம் வருஷத்து ஏரிகள் பாதுகாப்பு சட்டம் இருக்கிறது. மேய்ச்சல் நிலம், களம் போன்ற ஊர் பொது நிலத்தை கொடுக்கக் கூடாது என்று 2011 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டே கறாராக சொல்லிவிட்டது. ஏரியை காப்பாற்ற வேண்டியதும் நியாயம்தான். வறட்சிக்கு பேர்போன இந்த மாவட்டத்தில் அதை யாரும் மறுக்க மாட்டார்கள்.

அப்படியானால் மிச்சம் இருக்கிற வழி, அரசாங்கமே தனியார் நிலத்தை காசு கொடுத்து வாங்குவது. இது நடக்காத காரியம் இல்லை. ஆதிதிராவிடர்களுக்கு மனை கொடுக்க நிலம் எடுப்பதற்கென்றே 1978-ல் தனி சட்டம் போட்ட மாநிலம் இது. அதற்கும் முன்னால், அடுத்தவர் நிலத்தில் குடிசை போட்டு குடியிருந்த விவசாய கூலிகளுக்கு அந்த இடத்தையே சொந்தமாக்கி 1971-ல் சட்டம் வந்தது.

பக்கத்து கேரளாவில் 'லைப்' என்ற வீட்டு திட்டத்தில் நிலமே இல்லாதவர்களையும் சேர்த்தார்கள். நிலம் உள்ளவர்கள் மனசு வைத்து கொஞ்சம் மண்ணை தானமாக கொடுங்கள் என்று 2021-ல் பிரசாரமும் செய்தார்கள். அங்கே நம்மை விட நிலம் நெருக்கடி. விலையும் அதிகம்.

தள்ளிப்போட்டால் விலை ஏறும்

இந்த விஷயத்தில் தாமதம் ஆபத்து. தடங்கம், அதியமான்கோட்டை பகுதியில் சுமார் 1,700 ஏக்கரில் சிப்காட் என்று அறிவித்தார்கள். வேலை வரும், நல்லதுதான். ஆனால் தொழிற்சாலை வருகிற ஊரில் முதலில் ஏறுவது மனை விலையும் வீட்டு வாடகையும்தான். பழைய தர்மபுரி மாவட்டத்தில் இருந்த ஓசூர் என்ன ஆனது என்பதை நாம் கண்ணால் பார்த்தோம். தொழிற்சாலைக்கு 1,700 ஏக்கர் எடுக்க முடிகிறபோது, நல்லம்பள்ளியிலும் தர்மபுரியிலும் கூலிக்காரர்களின் மனைக்காக இப்போதே சில பத்து ஏக்கர் ஒதுக்கி வைக்க முடியாதா? நாளைக்கு அந்த தொழிற்சாலைக்கு வேலைக்கு போகப்போவதும் இவர்கள் பிள்ளைகள்தானே!

ஒரு விஷயம் பலருக்கு தெரியாது. பிரதமர் வீடு திட்டத்தின் விதிமுறையிலேயே, பட்டியலில் உள்ள பயனாளிக்கு நிலம் இல்லை என்றால் மாநில அரசு அரசு நிலத்திலோ வேறு நிலத்திலோ இடம் கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. அதனால் அடுத்த திங்கட்கிழமை மனு எழுதும்போது 'வீடு வேண்டும்' என்று மட்டும் எழுதி விட்டு வராதீர்கள். நிலமற்றவர் என்ற முறையில் இடம் ஒதுக்கும்படி எழுதுங்கள். ஏற்கனவே பட்டா வாங்கியவர்கள் சர்வே நம்பரை போட்டு, அளந்து காட்டச் சொல்லி கேளுங்கள். தனித்தனியாக போவதை விட ஒரே தெருக்காரர்கள் சேர்ந்து போவது நல்லது. மனு நம்பர் போட்ட ரசீதை வாங்காமல் பஸ் ஏறாதீர்கள்.