அடுப்புக் காக்கும் பையன்

அலாஸ்காவின் வடகோடியில் உட்கியாக்விக் என்று ஓர் ஊர் இருக்கிறது. 2016 வரை அதற்குப் பாரோ என்று பெயர். அதற்கு வடக்கே ஊர் ஏதும் இல்லை, உறைந்த கடல்தான். ஏப்ரல் மாதம் வந்ததும் அவ்வூர்ப் பையன்கள் சிலர் பெரியவர்களுடன் அந்தப் பனிமேல் சென்று கூடாரமடித்துத் தங்குகிறார்கள். எதற்கு? திமிங்கில வேட்டைக்கு!

பையன் கையில் உடனே ஈட்டியைக் கொடுத்துவிடுவார்கள் என்று எண்ண வேண்டாம். அவனுடைய முதல் உத்தியோகம் அடுப்பைக் காப்பதுதான். காபி எந்நேரமும் சூடாக இருக்க வேண்டும். குடிதண்ணீருக்குப் பனியை வெட்டி வந்து உருக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் கிடந்த கடற்பனியில் உப்பு இராது. எது பழையது, எது புதியது என்று கண்ணால் பார்த்தே சொல்லத் தெரிய வேண்டும். வெள்ளைக் கரடி வருகிறதா என்று காவலும் இருக்க வேண்டும். இரைந்து பேசக் கூடாது. திமிங்கிலத்துக்குக் காது கூர்மை. காற்றுத் திசை மாறினால் கூடாரம் நிற்கும் பனியே பிய்த்துக்கொண்டு போய்விடும். 1997 மே மாதத்தில் அவ்விதம் மிதந்துபோன நூற்றுக்கு மேற்பட்டவர்களை ஹெலிகாப்டர் வைத்து மீட்டார்கள்.

சீல் தோலைப் பெண்கள் தைத்துப் போர்த்திய படகில் ஏற அவனுக்குச் சில ஆண்டுகள் ஆகும். திமிங்கிலம் கிடைத்துவிட்டால் ஊரே திரண்டு வந்து கயிறு பிடித்துப் பனிமேல் இழுக்கும். இழுத்தவர்களுக்குப் பங்கு, முதியோருக்கும் விதவைகளுக்கும் பங்கு. இறைச்சியை விற்கச் சட்டம் இடம் தராது. விற்கும் வழக்கமும் அவர்களுக்கு இல்லை.

ஜீவகாருண்யம் பேசுவோர் இவ்வேட்டையைக் கண்டு முகம் சுளிக்கலாம். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. இருநூறு ஆண்டுக்கு மேல் வாழக்கூடிய பிராணியாயிற்றே! ஆனால் இந்தத் திமிங்கிலக் குலத்தை அழிவின் விளிம்புக்குத் தள்ளியவர் யார்? 1848 முதல் அக்கடலுக்குள் புகுந்து, விளக்கெண்ணெய்க்காகவும் சீமாட்டிகளின் இடைக்கச்சைக்காகவும் கொன்று குவித்த வியாபாரக் கப்பல்காரர்கள். அந்தப் பழி இவர்கள் தலையில் விடிந்தது.

1977-ல் சர்வதேசத் திமிங்கிலக் கமிஷன் இவ்வேட்டைக்குத் தடை விதித்தது. எஞ்சியிருப்பவை மிகச் சொற்பம் என்பது விஞ்ஞானிகளின் கணக்கு. “நீங்கள் பனியோரத்தில் நின்று கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எண்ணுகிறீர்கள். அவை பனிக்கு அடியிலும் போகின்றன, தலையால் பனியை முட்டி உடைத்து மூச்சு வாங்குகின்றன” என்பது வேட்டைக்காரர்களின் வாதம். அவர்கள் சும்மா இருக்கவில்லை. அதே ஆண்டில் சங்கம் அமைத்து வாதாடி, 1978-க்குப் பன்னிரண்டு திமிங்கிலம் பிடிக்க அனுமதி பெற்றார்கள். பிற்பாடு நீருக்கடியில் ஒலிவாங்கிகளை இறக்கிக் கேட்டபோதுதான், பெரியவர்கள் சொன்னது மெய் என்று தெரிந்தது. 2001-ல் எடுத்த கணக்கில் சுமார் பத்தாயிரம். 2011-ல் பதினாறாயிரத்துக்கும் மேல்!

கல்லூரி வாசலை மிதியாத அம்முதியவர்களுக்கு இது எப்படித் தெரிந்தது? அவர்களும் ஒரு காலத்தில் அடுப்புக் காத்த பையன்கள்தாம். வாய்மூடிக் கண்திறந்து கூடாரத்தில் உட்கார்ந்து கற்றவர்கள்.

இப்போது ஆபத்து வேறு திசையிலிருந்து வருகிறது. பூமி சூடேறிக் கடற்பனி மெலிகிறது. பழைய பனி அரிதாகிவிட்டது. இறைச்சியைச் சேமிக்க உறைந்த மண்ணில் தோண்டிய நிலவறைகளில் சில, நீர் கசிந்து பாழாகின்றன. பனி விலகிய கடலில் கப்பல்களும் எண்ணெய்க் கம்பெனிகளும் வழி கேட்கின்றன. அவற்றுக்கு அனுமதிச் சீட்டில் கையெழுத்திடும் அதிகாரிகள், 1977-ல் நேர்ந்த தவறை நினைத்துக்கொண்டு, முதலில் அக்கூடாரத்துக்குப் போய் அந்தப் பையன் கொடுக்கும் காபியை ஒரு கோப்பை குடித்துவிட்டு, பெரியவர்கள் சொல்வதையும் கேட்டுவிட்டு வரட்டும்.