பாத்திரம் தேய்ப்பது யார்?

பண்டிகைகள் நெருங்குந்தோறும், ஆடம்பரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், பிளாஸ்டிக்கை விலக்குங்கள், இயற்கைக்குப் பங்கம் வராமல் கொண்டாடுங்கள் என்ற உபதேசம் பத்திரிகைகளிலும் பொதுமேடைகளிலும் தவறாமல் கிளம்புகிறது. உபதேசத்தில் பிழை ஒன்றும் இல்லை. ஆயினும் அதைச் சொல்லுகிறவர்கள் பெரும்பாலும் அடுப்படிப் பக்கம் எட்டிப் பாராதவர்கள் என்பதும், அதன்படி நடக்கவேண்டியவர்களோ பண்டிகை நாள் முழுவதையும் அடுப்படியிலேயே கழிக்கிறவர்கள் என்பதும் சற்று யோசிக்கத்தக்க விஷயம்.

சிக்கனத்தை எங்கிருந்தோ வந்து ஒருவர் நமக்குக் கற்பிக்க வேண்டியதில்லை. ஹைதர் அலியின் சகோதரி என்று சொல்லப்படும் அமீருன்னிசா பேகம் அடக்கமாகியிருக்கும் பெரிய பள்ளிவாசலைச் சூழ்ந்து வளர்ந்த எங்கள் திண்டுக்கல் பேகம்பூரில், ரமலான் மாதத்து மாலைப்பொழுதில் ஒருமுறை நடந்து வருகிறவர் இதைக் கண்ணாரக் காணலாம். பச்சரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் குழைய வெந்து, இஞ்சி, பூண்டு, புதினா, தேங்காய்ப்பால் எல்லாம் சேர்ந்து, வசதிப்படும் நாளில் கொஞ்சம் கொத்துக்கறியும் விழுந்து, அண்டா நிறையக் கொதித்து இறங்கும் நோன்புக் கஞ்சிக்காக, அசர் தொழுகை முடிந்த வேளையில் பிள்ளைகள் தூக்குவாளிகளோடு வரிசையில் நிற்கிறார்கள். நோன்பு வைத்த வீட்டுப் பிள்ளை, வைக்காத வீட்டுப் பிள்ளை, அடுத்த தெருவிலிருந்து வரும் வேற்று மதத்துப் பிள்ளை என்ற பேதம் அந்த வரிசையில் இல்லை. அரசாங்கம் ஆண்டுதோறும் பள்ளிவாசல்களுக்கு வழங்கும் பச்சரிசியோடு ஊரார் நன்கொடையும் சேர்ந்து காரியம் நடக்கிறது. வீட்டுக்கு ஓர் அடுப்பு எரியவேண்டிய இடத்தில் ஊருக்கு ஓர் அடுப்பு எரிகிறது. பாத்திரத்தை வாங்குகிறவரே கொண்டுவருகிறார். குப்பை என்று சொல்ல இஞ்சித் தோலும் பூண்டுச் சருகுமே மிஞ்சுகின்றன.

இந்த ஏற்பாட்டில் எனக்கு முக்கியமாகப் படுவது விறகு மிச்சப்படுவதும் டப்பா மிச்சப்படுவதும் அல்ல. கஞ்சியைக் கிண்டுகிறவர்களும், அகப்பையால் மொண்டு ஊற்றுகிறவர்களும், எல்லாம் முடிந்தபின் அடிப்பிடித்த அண்டாவைக் கவிழ்த்துப் போட்டுத் தேய்க்கிறவர்களும் ஆண்களே. எங்கள் ஊர் முத்தழகுபட்டியில் ஆகஸ்ட் மாதத்துப் புனித செபஸ்தியார் திருவிழாவில், காணிக்கையாக வந்த ஆடுகளும் கோழிகளும் சமைக்கப்பட்டு ஊர்ச் சோறாகப் பரிமாறப்படும்போதும், வேலை ஒரு வீட்டுப் பெண்ணின் தலையில் விழுவதில்லை. ஊரின் தலையில் விழுகிறது. டி. கல்லுப்பட்டியில் தம் கடைசிக் காலத்தைக் கழித்த பொருளாதார மேதை ஜே. சி. குமரப்பா, சிறையிலிருந்தபடி எழுதிய நிலைத்த பொருளாதாரம் பற்றிய நூலில், தன் கூட்டைத் தானே கட்டிக்கொள்ளும் பறவையின் நிலைக்கு ஒருபடி மேலே, கூட்டம் முழுவதற்குமாகத் தேன் சேகரிக்கும் தேனீயின் நிலையை வைத்தார். இன்றைய பசுமைப் பிரசாரம் ஒவ்வொரு குடும்பத்தையும் தனித்தனிப் பறவையாகவே பாவித்து, உன் கூட்டை நீ சுத்தமாக வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறது என்பது என் அபிப்பிராயம்.

இனி, வீட்டுக்குள் வருவோம். பெருநாளன்று சீரகச் சம்பா பிரியாணியும் தாளிச்சாவும் இறக்கியவுடன், வீட்டார் வாயில் ஒரு கவளம் போவதற்கு முன்பே, அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் பங்கு பிரியும். தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும், பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கலும், கிறிஸ்துமஸுக்குக் கேக்கும் அந்த வீடுகளிலிருந்து எதிர்த்திசையில் வரும். இவையெல்லாம் ஒரு காலத்தில் எவர்சில்வர் தூக்குகளிலும் சம்படங்களிலும் பயணம் செய்தன. பாத்திரத்தின் விளிம்புக்குக் கீழே, கடைக்காரர் புள்ளி புள்ளியாக வெட்டிக்கொடுத்த இனிஷியலும் பெயரும், சில சமயம் கல்யாணத் தேதியும், அன்பளித்தவர் இன்னார் என்ற விவரமும் இருக்கும். அலமாரியில் ஒரு வாரம் தங்கிவிட்ட தூக்கைக் கையிலெடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, இது மாடி வீட்டு அக்காவுடையது, இது மளிகைக்கடைக்காரர் வீட்டுடையது என்று பிரித்து வைப்பது பண்டிகைக்குப் பிந்திய நாட்களின் தனி வேலை. வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுப்பது மரியாதையல்ல என்பதால், ஒரு பிடி சர்க்கரையாவது, நாலு வாழைப்பழமாவது உள்ளே போகும். ஆகவே பாத்திரம் போன வழியே உறவும் போய், பாத்திரம் திரும்பிய வழியே உறவும் திரும்பிற்று.

இப்போது அந்த இடத்தில் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா வந்திருக்கிறது. அது திரும்பவேண்டியதில்லை, ஆதலால் அதில் எதையும் போட்டு அனுப்பவேண்டியதுமில்லை. பழைமையை நேசிப்பவர்கள் இவ்விடத்தில் பெருமூச்சு விடுவது வழக்கம். எனக்கு அதில் சம்மதமில்லை. டப்பாவை வீட்டுக்குள் முதலில் மனமுவந்து வரவேற்றவர்கள் பெண்களே, அதற்கு நியாயமும் இருந்தது. விடியுமுன் எழுந்து சமைத்து, பிள்ளைகளைக் குளிப்பாட்டி, விருந்தினரை உபசரித்து, அந்தி சாயும் வேளையில் நெய்யும் மசாலாவும் ஏறிப் பிசுபிசுத்த பாத்திரக் குவியலுக்கு முன் உட்காருகிறவளிடம், டப்பா ஒரு மணி நேர ஓய்வைக் கொடுத்தது. வீட்டிலிருந்த வேறு எவரும் அதைக் கொடுக்கவில்லை.

தண்ணீரின் விஷயத்தையும் இங்கே சொல்லியாகவேண்டும். திண்டுக்கல் தோல் பதனிடும் தொழிலால் பிழைத்த ஊர். ஆவாரம்பட்டையால் பதனிட்ட பழைய முறை பின்தங்கி, குரோமிய உப்புகளால் பதனிடும் முறை மேலோங்க, ஆலைக் கழிவுநீரால் சுற்றுவட்டாரத்துக் கிணற்று நீர் உப்பேறிப் பயனற்றுப் போனது ஊரறிந்த செய்தி. பக்ரீத் குர்பானியின் தோலைக்கூட வீணாக்காமல் மதரஸாக்களுக்குத் தானமாகக் கொடுக்கும் அதே சமூகத்தின் நடுவில், அந்தத் தோலைப் பதனிடும் தொழிலே கிணறுகளைக் கெடுத்தது என்பது கசப்பான முரண். ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கத்திலிருந்தும் இன்னும் தொலைவிலிருந்தும் குழாய் வழி வரும் தண்ணீரை, விட்டுவிட்டு வரும் நாட்களில் பிடித்துத் தொட்டியிலும் குடத்திலும் சேமித்து வைத்துக்கொள்ளும் குடும்பத்துக்கு, முப்பது எவர்சில்வர் தட்டுகளைக் கழுவுவது சாமான்யமான காரியமல்ல. ஓடும் ஆற்றங்கரையில் தொழுகைக்காகக் கைகால் கழுவி ஒளுச் செய்தாலும் நீரை விரயமாக்கலாகாது என்ற நபிகளாரின் போதனையைச் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்தவர்களே, கழுவத் தண்ணீரில்லை என்ற ஒரே காரணத்தால் வீசி எறியும் தட்டுக்கு மாறினார்கள். வாழையிலை ஒன்றே இந்தச் சங்கடத்திலிருந்து தப்பியது. வாழை விளையும் சிறுமலை அடிவாரமும் வத்தலக்குண்டும் இவ்வளவு அருகில் இருக்கையில் அது தப்பியதில் ஆச்சரியமில்லை.

அரசாங்கம் சும்மா இருந்துவிடவில்லை. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தது. 2021 டிசம்பர் 23 அன்று ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கப்பட்டது. பத்து ரூபாய் போட்டால் துணிப்பை தரும் இயந்திரங்களும் வந்தன. மஞ்சப்பை நல்ல யோசனை, ஏனெனில் அதைக் கழுவவேண்டியதில்லை. ஆணியில் மாட்டிவிட்டால் போதும். பிரியாணியை மஞ்சப்பையில் அனுப்ப முடியாது என்பதுதான் சிக்கல். கழுவவேண்டிய பொருள் வந்தவுடன் இயக்கம் மௌனமாகிவிடுகிறது.

ஜெர்மனியில் 2023 ஜனவரி 1 முதல், உணவைப் பொட்டலமாக விற்கிறவர்கள் திரும்பத் தரக்கூடிய பாத்திரத்திலும் அதைத் தருவதற்குத் தயாராயிருக்கவேண்டும் என்று சட்டம் செய்திருக்கிறார்கள்; சிறு கடைக்காரர்களானால், வாடிக்கையாளர் கொண்டுவரும் பாத்திரத்தில் போட்டுக் கொடுத்தாலும் போதும். நம் ஊர்த் தூக்குவாளியைத்தான் அவர்கள் சட்டப் புத்தகத்தில் ஏற்றியிருக்கிறார்கள். இதில் கவனிக்கவேண்டியது, பாத்திரத்தைத் திரும்பப் பெற்றுக் கழுவும் பொறுப்பு விற்பவரிடம் போயிருக்கிறது என்பதே. நம்மிடமும் இதற்கு முன்மாதிரி இல்லாமலில்லை: காலி மதுப்புட்டியைத் திருப்பிக் கொடுத்தால் முன்பணம் பத்து ரூபாய் கைக்கு வரும் என்ற ஏற்பாடு நீலகிரியில் தொடங்கி மற்ற இடங்களுக்கும் பரவியிருக்கிறது. குடிப்பவரின் புட்டிக்குக் கிடைத்த யோகம் பெருநாள் பிரியாணிக்கு இன்னும் கிடைக்கவில்லை.

துணிமணி, பட்டாசு, மின்விளக்கு அலங்காரம் ஆகியவற்றைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. பக்கத்துச் சின்னாளபட்டியில் நெய்யும் சுங்குடிச் சேலையை விட்டுவிட்டு எங்கோ விலையேறின துணியைத் தேடிப் போகவேண்டுமா என்பதும், வாங்கிய உடுப்பை எத்தனை பண்டிகைக்கு உடுத்தலாம் என்பதும் அவரவர் மனசையும் மடியையும் பொறுத்தவை. சோற்று விஷயம் அப்படியல்ல. அதில் ஒரு வீட்டின் சௌகரியம் தெருவுக்கே குப்பையாகிறது.

ஆகவே, ஜமாஅத்தும் கோயில் கமிட்டியும் பங்குப் பேரவையும் பொதுவில் சில நூறு தட்டுகளும் தூக்குகளும் வாங்கி வைத்து, பண்டிகை நாட்களில் வேண்டிய குடும்பங்களுக்குக் கொடுத்து, திரும்பப் பெற்று ஒரே இடத்தில் கழுவலாம். தனித்தனியே முப்பது வீடுகளில் முப்பது தடவை சிந்தும் தண்ணீரைவிட, ஒரே தொட்டியில் முறையாகக் கழுவினால் செலவாகும் தண்ணீர் குறைவு என்பது பந்திப் பாத்திரங்களை வாடகைக்கு விடுகிறவர்களுக்கெல்லாம் தெரியும். பிறர் உண்ட தட்டில் நாம் எப்படி உண்பது என்ற ஆட்சேபம் வரலாம். கல்யாண மண்டபத்தில் அந்தக் கேள்வியை எவரும் கேட்டதில்லை. தேய்க்க ஆள் எங்கே என்றால், அரையாண்டு விடுமுறையில் தெருமுனையில் கைப்பேசியும் கையுமாக உட்கார்ந்திருக்கும் இளைஞர்களைக் கேட்டுப் பார்க்கலாம். அவர்கள் மறுத்தால், கூலி கொடுத்து ஆள் வைக்கவேண்டியதுதான். கல்யாணச் சமையலுக்குப் பேசும் மாஸ்டர், பாத்திரம் தேய்க்கும் ஆள் கூலியைச் சேர்த்தே கணக்குச் சொல்லுகிறார். அந்தக் கூலியை அநாவசியச் செலவு என்று எந்தப் பெண் வீட்டாரும் அடித்துவிடுவதில்லை. பண்டிகை நாளில் வீட்டில் நடக்கும் அதே வேலைக்கு மட்டும் எந்தக் கணக்கிலும் இடமில்லை.

திண்டுக்கல் 2014-இல் மாநகராட்சியானது. தடைசெய்த பிளாஸ்டிக்கை விற்கிற கடைகளில் வசூலாகும் அபராதம் கஜானாவில் சேருகிறது. அதிலிருந்து வார்டுக்கு ஒரு கழுவுமிடமும், ஒரு தொட்டித் தண்ணீரும், பண்டிகை வாரங்களில் இரண்டு ஆட்களின் கூலியும் ஒதுக்குவது பெரிய தொகையாகாது. இதற்கென ஒரு செலவினத் தலைப்பு வேண்டும் என்று, வருகிற பண்டிகைக்கு முன்னதாகவே நம் வார்டு உறுப்பினரிடம் எழுத்தில் ஒரு மனுக் கொடுக்கலாம். அதில் முதல் கையெழுத்து, சிக்கனத்தைப் பற்றி மேடையில் பேசுகிற ஆண்களுடையதாக இருக்கட்டும்.