காமாலை என்று மட்டும் எழுதினால்

1955ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் டில்லி மாநகரில் பரவிய காமாலையைப் பற்றிப் பெற்றோர் சொல்லக் கேட்டவர்கள் நம்முள் சிலர் இருக்கக்கூடும். யமுனையிலிருந்து எடுத்த குடிநீரில் சாக்கடை கலந்ததால் ஏறக்குறைய 29,000 பேருக்குக் காமாலை கண்டது. கருவுற்ற பெண்களை அது கடுமையாக வாட்டியது. எந்தக் கிருமி என்று பிரித்தறிய அன்று வழியில்லை. ஆயினும் மருத்துவர்கள் நோயாளிகளின் விவரங்களைச் செவ்வனே எழுதி வைத்தனர். இரத்த மாதிரிகளையும் காத்து வைத்தனர். 1980இல் அவற்றைச் சோதித்தபோதுதான் அது 'ஏ' வகைக் காமாலை அன்று என்பது தெளிந்தது. 'ஈ' வகை என்ற பெயர் அதற்கும் பின்னரே வந்தது.

இன்று மருத்துவர் எழுதுவது எண்ணாகவும் மாறுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப்பட்டியலில், 1990இல் ஏற்கப்பெற்ற பத்தாம் திருத்தத்தின்படி, தீவிரக் கல்லீரல் செயலிழப்புக்குரிய குறியீடு கே 72.0. வகை சொல்லாது 'கல்லீரல் செயலிழப்பு' என்று மட்டும் எழுதினால் அது கே 72.9 ஆகிவிடும். 'ஏ' வகைக் காமாலையில் நோயாளி ஆழ்மயக்கமுற்றதை எழுதினால் பி 15.0; எழுதாவிடில் பி 15.9. குறியீட்டாளர் பிறர் எழுதியதைப் படிப்பவரே. இரத்தம் உறையும் தன்மையைக் காட்டும் ஐ.என்.ஆர். 3 என்றிருப்பினும், அதைக் கொண்டு தாமாக நோய்க்குப் பெயர் சூட்ட அவருக்கு உரிமை இல்லை.

முன்பு கல்லீரல் நோய் இல்லாதவருக்கு, நோய் கண்ட 26 வாரங்களுக்குள் ஐ.என்.ஆர். 1.5 அல்லது அதற்கு மேல் ஏறி, அறிவும் தடுமாறுமாயின், அதுவே தீவிரச் செயலிழப்பு. இவை யாவும் ஏட்டில் இருத்தல் வேண்டும். காரணமும் வேண்டும். 'ஈ' வகைக் காமாலையா, அளவு மீறிய பாரசிட்டமாலா, எலிப் பசையா என்பதற்கேற்பச் சிகிச்சையும் வேறுபடும், குறியீடும் வேறுபடும்.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இடர்ப்பாடு இவ்விடத்தில்தான். அறிவு தடுமாறிய நோயாளியால் தம் கதையைச் சொல்ல இயலாது. உடன் வந்தவரே சொல்லியாக வேண்டும். நாமோ 'பீலியா' என்ற ஒற்றை இந்திச் சொல்லோடு நின்றுவிடுகிறோம். கண் மஞ்சளித்த தேதி எது, பேச்சுக் குழறிய தேதி எது என்பதைச் சொல்வதில்லை. லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையார் 1989இல் வகுத்த விதிகளில், இவ்விரு தேதிகளுக்கும் இடையே ஏழு நாட்களுக்கு மேல் சென்றதா என்பதும் ஒன்று. மாற்றுக் கல்லீரல் பொருத்துவதா என முடிவு செய்கையில் மருத்துவர்கள் அதனையும் எண்ணிப் பார்ப்பர். ஊரிலிருந்து வரவழைத்த நாட்டு மருந்தை மறைப்பது இன்னொரு வழக்கம். திட்டுவார்களே என்ற அச்சம்! மருந்துப் பொட்டலத்தையே எடுத்துச் சென்று காட்டுவது நலம். தேதிகளைத் தமிழில் குறித்து வைத்துக்கொண்டாலும் போதும். மொழிபெயர்க்க யாரேனும் கிடைப்பர்.

வீடு திரும்பும் நாளில் டிஸ்சார்ஜ் சம்மரியை அங்கேயே படித்துப் பார்த்தல் வேண்டும். இன்ஷ்யூரன்ஸ் படிவத்துக்கும், சென்னையில் அடுத்துப் பார்க்கப்போகும் மருத்துவருக்கும் அதுவே ஆதாரம். அதில் 'காமாலை' என்று மட்டும் இருந்தால், காரணத்தையும் தேதிகளையும் சேர்த்துத் தரும்படி பணிவுடன் கேட்கலாம். மருத்துவர்கள் பெரும்பாலும் மறுப்பதில்லை. கட்டிலைக் காலி செய்யும் அவசரத்தில் ஒரு வரி விட்டுப்போயிருக்கும், அவ்வளவே.